பாடு குலுக்கிய கம்ப்யூட்டர்

போன மாதம் உங்கள் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்தீர்கள். பேசுவதற்குக் கொஞ்சம் நேரமும் கொடுத்தீர்கள். நான் தொண்டையைச் செருமுவதற்குள் பீட்சா வந்துவிட்டது. பீட்சாவோடு போட்டி போடுகிற வயதைத் தாண்டிவிட்டேன், அதனால் எழுதித் தருகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படியுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

உங்களில் ஒரு பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். கூட்டம் நடத்த இடம் இருக்கிறது, இணையம் இருக்கிறது, சட்டையில் போட்டுக்கொள்ள சின்னம்கூட இருக்கிறது, ஆனால் வந்தவர்கள் நிலைக்க மாட்டேன் என்கிறார்களே, ஒரு சங்கத்தை எப்படி வளர்ப்பது என்று கேட்டாள். அடக்கம் பாராமல் சொல்கிறேன், அது எனக்குத் தெரியும். ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, பழவேற்காட்டில், கயிறும் தூண்டில் முள்ளும் விற்கிற கடையின் பின்கட்டில், புரோகிராம் எழுதுகிறவர்களின் சங்கத்தை நடத்தியவள் நான். அது எண்பதுகளின் கடைசி. உங்களில் பாதிப் பேரின் அப்பா அம்மாவுக்கு அப்போது கல்யாணமே ஆகியிருக்காது.

அந்தச் சங்கம் ஒரு காலைப் பொழுதில் கவிழ இருந்தது. அந்தக் காலையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அதற்கு முன் சங்கம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தலையும் புரியாது வாலும் புரியாது.

எனக்கு வீடு ஆரம்பாக்கத்தில். வேலை மதராசில், ஒரு கம்பெனிக்கு பில் போடுகிற புரோகிராம்கள் எழுதுவது. விடிந்தால் ரயில், பொழுது சாய்ந்தால் ரயில். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எதிர் சீட்டில் ஒரு இளைஞன் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேலே வை தம்பி என்று எத்தனையோ பேர் சொல்லியும் கேட்கவில்லை. பெட்டியில் அச்சடித்திருந்த படத்தைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் கண்ணாகிவிட்டது. அது வீட்டில் வைத்துக்கொள்கிற கம்ப்யூட்டர். எங்கள் ஆபீசில் கம்ப்யூட்டர் கண்ணாடிக்குப் பின்னால் குளுகுளு அறையில் இருக்கும். நாங்கள் தாளில் எழுதி உள்ளே கொடுக்க வேண்டும், கோவில் சாமியைப்போலத் தூர நின்று சேவிக்கலாமே தவிரத் தொட முடியாது.

அவன் பெயர் காதர். பழவேற்காட்டுக்காரன். பல தலைமுறையாக வியாபாரம் செய்த குடும்பம். இப்போது மீனவர்களுக்குக் கயிறு, நைலான் நூல், ஈயக்குண்டு விற்கிற கடை. விசாரித்தபோது வெட்கத்தோடு சொன்னான்:

"சிங்கப்பூர்ல இருந்து மச்சான் அனுப்பிச்சாரு அக்கா. டிவில மாட்டணுமாம். மாட்டினா அது இன்னா பண்ணும்னு அவருக்கும் தெரியல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் இரண்டு பஸ் மாறிப் பழவேற்காட்டில் போய் இறங்கினேன். தினமும் அதைத்தானே கட்டிக்கொண்டு அழுகிறாய், ஞாயிற்றுக்கிழமையுமா என்று வீட்டுக்காரர் முறைத்தார். அது கம்பெனிக் கம்ப்யூட்டர், இதைத் தொடலாம் என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. நல்ல மனுஷன்.

முதலில் நானும் காதரும் மட்டும். பிறகு தேசப்பன் வந்தான். பொன்னேரிக் காலேஜில் கணக்குப் படித்தவன், ஏரிக்கரைக் குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. குப்பத்தின் பெயரை எழுதவில்லை, எழுதினால் இன்றைக்கும் கோபப்பட அங்கே ஆள் இருக்கிறார்கள். அவன் சொல்லிக் கேள்விப்பட்டு பசியாவரத்திலிருந்து செல்வி வந்தாள். அவள் ஊர் ஏரிக்கு நடுவில் தீவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் படகு கரைக்கு வருகிறதோ அதில் ஏறிக்கொண்டு வந்துவிடுவாள். பிறகு லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து, பொன்னேரியிலிருந்து என்று ஆட்கள் சேர்ந்தார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குகிறவள் டீச்சராகத்தான் இருக்க வேண்டும் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. நான் டீச்சரம்மா ஆனேன்.

ஆட்கள் சேர்ந்தால் சந்தோஷம்தானே என்பீர்கள். இருப்பது ஒரு கீபோர்டு. காதர் முதலாளி வேறு, உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான். முதுகுக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு வாய்விட்டுச் சண்டை போட்டார்கள். இரண்டு ஞாயிறு செல்வி வரவில்லை. படகில் வருவது ஏதாவது செய்யத்தான், காதர் முதுகைப் பார்க்க இல்லை என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். அப்போது தேசப்பன் ஒரு வழி சொன்னான். அவனுக்கு அது பெரிய யோசனையாகவே தெரியவில்லை, ஏனென்றால் அவன் ஊரில் ஏரியையே அப்படித்தான் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பெயர் பாடு. கடலும் ஏரியும் சேர்கிற முகத்துவாரத்துக்குக் கிட்டே உள்ள இடங்களில் இறால் கொழிக்கும். உள்ளே போகப் போகக் குறையும். எல்லோரும் முகத்துவாரத்துக்கே ஓடினால் மண்டை உடையும். அதனால் மழைக்காலத்துக்கு முன்னால் ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கிப் போடும். சேர்ந்து ஒரு வலை போடுகிற ஆட்களை ஒரு கூட்டு என்பார்கள். எந்தக் கூட்டு எந்த இடத்தில் தொடங்குவது என்பது சீட்டில் விழுந்தபடி. பிறகு முறை வைத்து ஒவ்வொரு இடமாக நகர்வார்கள். உன் பாட்டில் எனக்கு வேலையில்லை, என் பாட்டில் உனக்கு வேலையில்லை. வலையில் மீன் விழுந்தாலும் பாசி விழுந்தாலும் நேரம் வந்தால் இடத்தை விட்டுவிட வேண்டும்.

அதையே நாங்கள் வைத்துக்கொண்டோம். காலையில் சீட்டுப் போடுவோம், விழுந்த வரிசையில் ஆளுக்கு அரை மணி. காதரும் சீட்டு எடுக்க வேண்டும். என் பொருளுக்கு நானே வரிசையில் நிற்பதா என்று அவன் முகம் சுண்டிப்போனது உண்மை. ஆனால் நின்றான். கடைசிச் சீட்டு விழுந்த ஞாயிற்றுக்கிழமைகூட நின்றான். எங்கள் சங்கம் நிலைத்தது முதலில் அதனால்தான். உங்கள் சங்கத்தில் இடம் கொடுத்தவர், பணம் கொடுத்தவர் யாராவது வரிசையில் நிற்காமல் இருக்கிறார்களா என்று கொஞ்சம் பாருங்கள்.

பாடு முறையோடு சேர்ந்து ஒரு சட்டமும் வந்தது. அந்த மெஷினை அணைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். புரோகிராம்களை டேப்ரெக்கார்டர் கேசட்டில் பதிந்து வைத்து, மறுபடி கேசட்டை ஓடவிட்டு ஏற்ற வேண்டும். ஏறுகிறவரை கீச்சென்று ஒரு சத்தம், பல்லெல்லாம் கூசும். ஏறி முடிக்கிற நேரத்தில் தகராறு செய்தால் மறுபடி முதலிலிருந்து. அரை மணிப் பாட்டில் பாதியைக் கேசட்டே தின்றுவிடும். அதனால் பாடு கைமாறும்போது மெஷினை அணைக்கக் கூடாது, உள்ளே இருப்பதிலிருந்தே அடுத்தவர் தொடர வேண்டும் என்று சட்டம் போட்டோம். யாரும் மீறவில்லை. நல்ல சட்டம், எங்களைக் கவிழ்க்கப் பார்த்ததும் அதுதான்.

ஊரில் எங்களுக்கு ஒரு மரியாதையும் இல்லை. டிவி ரூமில் உட்கார்ந்து படம் பார்க்கிற கும்பல் என்று பேச்சு. தேசப்பன் வீட்டில் அவனை வலை இழுக்கக் கூப்பிட்டபோதெல்லாம் அவன் எங்களோடு இருந்தான் என்பது அவன் ஊருக்கு உறுத்தலாகவே இருந்தது. இந்த நேரத்தில்தான் அந்தக் குப்பத்தில் சீட்டைப் பற்றி ஒரு தகராறு. போன வருஷம் ஒரு சீட்டைத் தடியாக உருட்டிப் பானையில் போட்டிருந்தார்கள், கைவிட்டவன் தடவிப் பார்த்து எடுத்தான் என்று ஒரு கூட்டு சொல்ல, இன்னொரு கூட்டு மறுக்க, வருஷம் பூராவும் அந்தப் பேச்சு அடங்கவில்லை. ஊர்த் தலைவரை அங்கே நாட்டார் என்பார்கள். அந்த நாட்டார் அலுத்துப்போய், உங்க டிவிப் பொட்டி சீட்டுக் குலுக்குமாடா என்று தேசப்பனைக் கேட்டாராம். கேலியாகத்தான் கேட்டிருப்பார். இவன் குலுக்கும் என்று சொல்லிவிட்டு வந்தான்.

எங்களுக்குக் காலே தரையில் பாவவில்லை. மரியாதைக்குப் பசித்திருந்தவர்கள், இலை போட்டதும் உட்கார்ந்துவிட்டோம். தேசப்பன் எழுதினான், எல்லோரும் சரிபார்த்தோம், நானும் பார்த்தேன். என் பில் போடுகிற புரோகிராம்களில் குலுக்கலுக்கு வேலையே வந்ததில்லை. ஆனாலும் எழுத்தில் ஒரு பிழையும் இல்லை.

குலுக்கல் நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. காலையில் மெஷினைப் போட்டு, கேசட்டை ஏற்றி முதல்முறை ஓட்டியதும், முதல் இடத்தில் தேசப்பனின் நைனா, அதாவது அவன் அப்பாவின் கூட்டு வந்தது. கடைசி இடத்தில் நாட்டார் கூட்டு. பின்கட்டே அதிர்ந்தது. உங்க நைனா தலை, நாட்டார் வாலு என்று காதர் தேசப்பனைத் தூக்காத குறை. அந்த உற்சாகத்தில் மறுபடி மறுபடி ஓட்டினோம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வரிசை. இதைவிட நேர்மையான குலுக்கல் உலகத்தில் இல்லை என்று கேசட்டைப் பெட்டியில் போட்டு மூடினோம்.

தேசப்பனின் நைனாவைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். போன வருஷம் அவர் கூட்டுக்குக் கடைசி இடம் விழுந்திருந்தது. முறை நகர்ந்து நகர்ந்து முகத்துவாரத்துக்கு வருவதற்குள் இறால் ஓட்டம் அடங்கிவிட்டது. கூட்டில் இரண்டு பேர் அப்போதே வேறு கூட்டோடு பேசி வைத்துவிட்டார்கள். இந்த வருஷமும் வால்பக்கம் விழுந்தால் கூட்டு உடையும். ஆள் இல்லாத வலை வெறும் நூல்தான். அவர் இன்னொருவர் வலைக்கு ஆளாகப் போக வேண்டியதுதான். தேசப்பன் இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னவன் இல்லை. செல்விதான் எனக்குச் சொன்னாள்.

குலுக்கல் நாள் வந்தது. காலை வெயில் ஏறுவதற்கு முன் காதரின் டிவி, கம்ப்யூட்டர், டேப்ரெக்கார்டர் எல்லாம் மீன் வண்டியில் ஏறி அம்மன் கோவில் வாசலுக்கு வந்தன. மைக்செட்டுக்கு இழுக்கிற கரண்ட்டையே எங்களுக்கும் இழுத்துக் கொடுத்தார்கள். ஊர் மணலில் வட்டமாக உட்கார்ந்திருந்தது. பெண்கள் ஒரு பக்கம், அவர்களோடு நானும் செல்வியும். தேசப்பன் கேசட்டைப் போட்டதும் கீச்சுச் சத்தம் கிளம்பியது. கொஞ்ச நேரம் பொறுத்தார்கள். பிறகு, இன்னாடா ரேடியோ கெட்டுப்பூச்சா, நாங்க வலைக்குப் போவ வேணாமா என்று குரல்கள். தேசப்பன் வியர்த்துப்போனான். ஒருவழியாக ஏறியது. நாட்டார் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத் தலையசைத்தார். தேசப்பன் அழுத்தினான்.

பெயர்கள் ஒவ்வொன்றாக நிதானமாக வருகிற மாதிரி எழுதியிருந்தோம், பார்க்க எடுப்பாக இருக்கட்டும் என்று. முதல் பெயர் தேசப்பனின் நைனா கூட்டு. அந்த மனுஷர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். விலகிப்போகப் பேசி வைத்திருந்த இரண்டு பேரும் அவரை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் கண் கலங்கியது. செல்வி என் கையைப் பிடித்தாள், அவளுக்கும் சந்தோஷம் என்று நினைத்தேன். அவள் என் காதுக்குள் சொன்னாள்:

"அக்கா, ரெண்டாவது பேரப் பாருங்க. மூணாவது பாருங்க. ஞாயித்துக்கெழம மொதல்ல வந்த அதே வரிசக்கா. கடசில நாட்டார் வருவாரு பாருங்க."

நாட்டார் வந்தார்.

எங்கே தப்பு என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்த மெஷின் குலுக்குகிற மாதிரி பாவனைதான் செய்கிறது. உள்ளே எண்களின் நீளமான வரிசை ஒன்று இருக்கிறது. அணைத்து ஏற்றினால் எப்போதும் அந்த வரிசையின் தலையிலிருந்து தொடங்கும். தொடர்ந்து ஓட்டினால் வரிசையில் மேலே மேலே போவதால் ஒவ்வொரு தடவையும் வேறாகத் தெரியும். எங்கள் பாட்டில்தான் மெஷினை அணைப்பதே கிடையாதே. அரை மணியை மிச்சம் பிடிக்கப் போட்ட சட்டம் இதைக் கண்ணில் காட்டாமலே மறைத்துவிட்டது. இப்படி ஒரு தப்பை எங்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது.

ஊருக்கு ஒன்றும் தெரியாது. நாட்டார் தனக்கு வால் விழுந்ததற்குத் தானே சிரித்துக்கொண்டு, போன வருஷம் என்னியத் திட்னவனெல்லாம் இப்ப சந்தோஷமாக் கெளம்புங்கடா என்று எழுந்தார். ஆட்கள் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்திருக்கத் தொடங்கினார்கள். சங்கத்தார் மட்டும் முகம் வெளுத்து என்னைச் சுற்றி வந்து நின்றார்கள். அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. காதர் தணிந்த குரலில் சொன்னான்:

"உட்டுடுங்கக்கா. எவனும் உள்ள பூந்து கலக்கல. எவனாவது ஒருத்தனுக்கு மொதல் எடம் வந்துதான ஆவணும். வந்துட்ச்சு."

நல்ல வாதம். இத்தனை வருஷமாக அதை நான் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன், இன்றைக்கும் அதை முழுதாக அடித்து வீழ்த்த முடியவில்லை. யாரும் ஏமாற்றவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்த வரிசையைச் சங்கமே பார்த்துக் கைதட்டியிருக்கிறது. ஒரு கல்யாணத்திலோ சாவிலோ யாராவது ஒருவர் வாய்தவறிச் சொன்னால் போதும். அப்போது ஊர் மெஷினைக் கேட்காது, புரோகிராம் எழுதின தேசப்பனைக் கேட்கும். முதல் இடம் எவன் வீட்டுக்குப் போனது என்று பார்க்கும். பாட்டில் சூது செய்தவன் என்று ஊர் சொல்லிவிட்டால் அந்தக் குடும்பத்துக்குப் பாடே கிடையாது. ஏரிக்கரையில் வீடு இருக்கும், ஏரியில் வலை போட இடம் இருக்காது.

தேசப்பன் இன்னும் கீபோர்டு முன்னால்தான் உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் போனதும் திரும்பாமலே கேட்டான்:

"ரெண்டு லைன் மாத்துனா சரியாப் பூடுங்க்கா. இப்பவே மாத்திடட்டா?"

பிள்ளைகளே, நம் தொழிலில் இதைவிட அபாயமான வார்த்தை கிடையாது. அவன் மறைக்க நினைக்கவில்லை, சரிசெய்ய நினைத்தான். அவனால் முடியும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவன் ஏதோ தட்டினான், வரிசை மாறியது என்றால் என்ன நினைப்பார்கள்? மாற்றிய பிறகும் அவன் நைனாவே முதலில் வந்துவிட்டால் கதை கந்தல். அடுத்தவர் பிழைப்பு நடுவில் நிற்கும்போது அவர்கள் கண்ணெதிரே ஒட்டுப்போடாதீர்கள். கையை எடு என்றேன். எடுத்தான்.

யார் வாயைத் திறப்பது என்பதுதான் மிச்சம். தேசப்பன் சொன்னால் அது நேர்மையாக இருக்கும். ஆனால் அவன் அந்த ஊர்க்காரன், ஊர்க் கட்டுப்பாடு அவனைப் பிடிக்கும். நான் ஆரம்பாக்கத்துக்காரி, என்னைப் பிடிக்க அந்த ஊருக்குக் கயிறு கிடையாது. மிஞ்சிப்போனால் அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். யாருக்குக் குறைவாக வலிக்குமோ அவர்தான் முன்னால் போக வேண்டும் என்பது என் கணக்கு. ஆண்கள் வட்டத்துக்குள் நடந்தேன். சலசலப்பு எழுந்தது. எழுந்துவிட்டுப் போகட்டும்.

"நாட்டாரே, இந்த வரிச செல்லாது. மெஷின் குலுக்கல" என்றேன்.

"இன்னாம்மா சொல்ற? இப்பத்தான எல்லாரும் பாத்தோம்."

"குலுக்கல, மனப்பாடம் ஒப்பிச்சுது. இருங்க, காட்டுறேன்."

காதரைப் பார்த்து அணைக்கச் சொன்னேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்திருக்க வேண்டும், ஆனால் அணைத்தான். மறுபடி கேசட், மறுபடி கீச்சு. இந்தத் தடவை ஒருவரும் சத்தம் போடவில்லை. ஓட்டினோம். அதே முதல் பெயர், அதே கடைசிப் பெயர். மறுபடி அணைத்து ஏற்றச் சொன்னேன். அடுத்த பெயர் திரையில் வருவதற்கு முன்பே பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி கோரஸாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பெரியவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

தேசப்பனின் நைனா எழுந்து வந்தார். துண்டு இப்போது இடுப்பில் இறுகியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை, மகனைப் பார்த்தார்.

"எம் பேரு மொதல்ல வரணும்னு அதுக்கு எவன் சொல்லிக் குட்த்தான்?"

நான் நடுவில் போய் நின்றேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, மெஷினைச் செய்தவன் சீமையில் இருக்கிறான், அவனுக்கு உங்கள் பெயரும் தெரியாது, இந்த ஏரியும் தெரியாது என்றேன். மெஷினை அணைக்காமலே பழகிவிட்டோம், அதனால் எங்களுக்கே தெரியாமல் போனது என்பதையும், ஒத்திகையில் இதே வரிசை வந்ததையும் ஒளிக்காமல் சொன்னேன். கேட்பதாக இருந்தால் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த என்னைக் கேளுங்கள் என்று முடித்தேன்.

நாட்டார் கூட்டுக்குக் கடைசி இடம். இந்த வரிசை செல்லாது என்று அவரே சொன்னால் தனக்காகச் சொன்னார் என்று ஆகிவிடும். அந்தச் சங்கடத்தை அவர் முகத்தில் பார்த்தேன். கடைசியில் அவர் தேசப்பனின் நைனாவிடம் திரும்பினார்.

"மொதல் எடம் உனுக்கு வந்துது. இந்தப் புள்ளைங்க மேல தப்பு கீற மாதிரி எனக்குத் தெரியல. நீ வச்சுக்கிறன்னு சொன்னா வச்சுக்கோ. நீயே சொல்லு."

அவர் தன் கூட்டுக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் முன்னால் அவரைப் பிடித்துக்கொண்டு சிரித்த இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகன் தலை நிமிரவில்லை.

"பானைய எட்த்தாங்க" என்றார்.

பானை வந்தது. ஒரே அளவில் தாள் கிழித்து, நாட்டாரே எல்லோர் முன்னாலும் சீட்டுகளை உருட்டிப் போட்டார். தேசப்பனின் நைனாவுக்குக் கடைசிக்கு முந்தின இடம் விழுந்தது. சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, படகுத்துறைப் பக்கம் போய்விட்டார்.

நாங்கள் டிவியை மீன் வண்டியில் ஏற்றினோம். கடை வாசலில் காதர், சங்கத்த நீங்களே கவுத்துட்டீங்கக்கா என்றான். பஸ்ஸில் அழுதேன். சொன்னதற்காக அழவில்லை. அந்தக் கூட்டு உடைந்துவிடும், அதை உடைத்தது என் வாய் என்று அழுதேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். காதரின் கடைச் சாவி ஒன்று என்னிடம் இருந்தது, கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினேன். பின்கட்டில் கால் வைக்க இடமில்லை. முன்பின் பார்க்காத முகங்கள் சுவரோரமாக நின்றிருந்தன. கயிற்றுச் சுருள் மேல் தேசப்பனின் நைனா உட்கார்ந்திருந்தார். கூட்டு என்ன ஆயிற்று என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"எவனும் போவல" என்றார். "போறன்னு சொன்னவனுங்கதான் மொதல்ல வந்து வலையத் தோள்ல போட்டானுங்க." என்னை நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு உம் மேல கோவம்தான் டீச்சரம்மா, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த மொதல் எடத்துல நின்னுருந்தா வலை இழுக்கறப்பல்லாம் பின்னால திரும்பித் திரும்பிப் பாத்துக்கினே இருந்திருப்பேன். அப்பறம் எப்ப எறாலப் பாக்கறது?"

அந்த வருஷம் அவர்களுக்கு அமோகமாகக் கிடைத்தது என்று சொல்லத்தான் ஆசை. அப்படி ஒன்றும் இல்லை, ஏதோ கிடைத்தது. கூட்டு உடையவில்லை, அவ்வளவுதான்.

சங்கம் பெருகியது அதற்குப் பிறகுதான். நாட்டாரின் மகள் வந்து சேர்ந்தாள். பழவேற்காட்டு பாய் வீடுகளிலிருந்து, அதுவரை கடைப்பக்கமே அனுப்பாத பெண்பிள்ளைகளை அனுப்பினார்கள். இடம் போதாமல் காதர் கயிற்றையெல்லாம் முன்கடைக்கு ஏற்றினான். நான் மேடையில் அருமையான புரோகிராம்கள் எத்தனையோ ஓட்டிக் காட்டியிருக்கிறேன், அதைப் பார்த்து ஒரு ஆள் சேர்ந்ததில்லை. ஓடிக்கொண்டிருந்த ஒன்றை நாங்களே நிறுத்தியதைப் பார்த்துத்தான் சேர்ந்தார்கள். எங்கள் சட்டமும் திருந்தியது. பாடு கைமாறும்போது அணைக்கக் கூடாது என்பது போய், அடுத்தவருக்காக எழுதிய எதையும் அணைத்து, ஏற்றி, அவர்கள் முன்னால் ஓட்டிக் காட்டிய பிறகே கொடுப்பது என்று ஆனது.

அடுத்த வருஷம் மழைக்கு முன்னால் அந்தக் குப்பத்திலிருந்து ஆள் வந்தது. கம்ப்யூட்டரைக் கொண்டு வரச் சொன்னார்கள். பானைதான் நன்றாக இருக்கிறதே என்று நான் பின்வாங்கினேன். நாட்டார் விடவில்லை. பானை தன் தப்பைத் தானே சொன்னதில்லையே என்றாராம்.

இந்தத் தடவை தேசப்பன் வேறு விதமாக எழுதியிருந்தான். மெஷின் உள்ளே விடாமல் எண்ணிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கூட்டிலிருந்தும் ஒருவர் வந்து தனக்குத் தோன்றுகிற நேரத்தில் பொத்தானை அழுத்த வேண்டும், நின்ற எண்ணை வைத்து வரிசை அமையும். அழுத்துகிற கை எப்போது விழும் என்று மெஷினுக்கும் தெரியாது, எழுதியவனுக்கும் தெரியாது. ஊரைக் காக்க வைக்க வேண்டாம் என்று காதர் விடியலிலேயே போய்க் கேசட்டை ஏற்றித் தயாராக வைத்திருந்தான்.

முதலில் தேசப்பனின் நைனாவைக் கூப்பிட்டார்கள். வந்தார். கையைக் கீபோர்டு வரை கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"மொதல்ல அணைடா" என்றார் மகனிடம்.

"நைனா, மறுபடி ஏத்த நேரம் ஆவும். எல்லாரும் வலைக்குப் போவணும்."

பின்னாலிருந்து நாட்டார் குரல் வந்தது.

"ஆவட்டும்பா. அணைச்சிட்டு ஏத்து. நாங்க குந்திக்கினு இருக்கோம்."

தேசப்பன் அணைத்தான். கேசட்டைப் போட்டான். அந்தப் பல் கூசுகிற சத்தம் கோவில் வாசல் முழுக்கக் கேட்டது. ரேடியோ கெட்டுவிட்டதா என்று ஒருவரும் கேட்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, படகுகள் துறையில் சும்மா நின்றன, குப்பம் மொத்தமும் மணலில் உட்கார்ந்து கேசட் ஏறி முடிகிறவரை காத்திருந்தது. நானும் அவர்களோடு உட்கார்ந்திருந்தேன். எங்களுக்குச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.